செட்டிநாட்டில் ஒரு இண்டி ராக் குழு: ஆள் சேர்ப்பதிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை

பாட்டை நாமே எழுதி, நம் காசிலேயே பதிந்து, எந்தக் கம்பெனியையும் நம்பாமல் வெளியிடும் ராக் குழுவுக்குப் பெருநகரம் கட்டாயமில்லை. ஆர்.இ.எம். குழு 1980 ஏப்ரலில் முதல் கச்சேரி செய்தது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில், ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில். மறு ஆண்டே ஒரு சின்ன லேபிளில் அவர்களுடைய முதல் சிங்கிள் வந்துவிட்டது. அந்த ஊரில் பல்கலைக்கழகம் இருந்தது, பெரிய பழைய கட்டடங்கள் இருந்தன, செலவு குறைவு. காரைக்குடியிலும் இவை மூன்றும் உண்டு. இங்கே நிற்காதது ஆட்கள்தான். படிப்பு முடிந்ததும் ஒருவர் சென்னைக்கு, ஒருவர் கோவைக்கு, இன்னொருவர் சிங்கப்பூருக்கு. செட்டிநாட்டில் தொடங்கும் குழு கருவி இல்லாமல் கலைவதைவிட ஆள் இல்லாமல் கலைவதே அதிகம். ஆகவே ஒருவர் போனாலும் பாட்டு நிற்கும்படி முதல் நாளிலிருந்தே ஏற்பாடு செய்ய வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

முதல் படி: நான்கு பேர்

பாடகர் (அவரே ரிதம் கிதாரும் வாசித்தால் நல்லது), லீட் கிதார், பேஸ் (கீழ்ஸ்தாயிக் கிதார்), டிரம்ஸ். ஐந்தாவது ஆளை முதல் ஆறு மாதத்துக்குச் சேர்க்க வேண்டாம். ஆள் கூடக்கூட எல்லோருக்கும் ஒத்துவரும் சனிக்கிழமை குறைந்துகொண்டே போகும்.

கிதார் வாசிப்பவர்கள் கல்லூரி விடுதிகளில் தாராளமாகக் கிடைப்பார்கள். டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவரைத் தேவகோட்டை, காரைக்குடித் தேவாலயப் பாடகர் குழுக்களிலும், திருவிழாக்களில் வாசிக்கும் இன்னிசைக் குழுக்களிலும் தேடுங்கள். இன்னிசைக் குழுவிலிருந்து வருபவர் பெரும்பாலும் ரிதம் பேட் (மின்னணுத் தாளப் பலகை) வாசித்துப் பழகியவர். கை அசத்தும், கால் தடுமாறும். கிக் பெடலில் (பெரிய டிரம்மை அடிக்கும் கால்மிதியில்) நிமிடத்துக்கு 70 தட்டில் தொடங்கி, தடுமாறாமல் வந்த பிறகு ஐந்தைந்தாக ஏற்றி 120 வரை கொண்டுபோக மூன்று மாதம் கொடுக்க வேண்டும்.

பேஸ் வாசிப்பவர் கிடைக்க மாட்டார். நம் பக்கத்து இன்னிசைக் குழுக்களில் கீபோர்டுக்காரரின் இடக்கையே பேஸையும் பார்த்துக்கொள்வதால் பேஸ் கிதாருக்கென்று ஆள் உருவாகவில்லை. இரண்டு கிதார்க்காரர்களில் தாளம் தவறாதவர் யாரோ அவரையே மாற்றுங்கள். 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) உள்ள பேஸ், 45 முதல் 105 வரை தடிமன் எண் உள்ள கம்பிச் செட். முதல் மாதம் முழுக்க அவர் டிரம்ஸ்காரருடன் தனியாக உட்கார வேண்டும். கிக் விழும் அதே நொடியில் பேஸ் சுரம் தொடங்கப் பழகாவிட்டால், மேலே என்ன கிதார் வாசித்தாலும் பாட்டு தளர்ந்தே கேட்கும்.

ஆளைச் சோதிக்க ஒரு பாட்டும் 90 தட்டில் ஓடும் மெட்ரோநோமும் (சீராகத் தாளம் தட்டும் கருவி) போதும். வேகவிரலைப் பார்க்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு வந்தாரா, வந்ததும் தானாகவே சுருதி சரிபார்த்தாரா, அடுத்தவர் பாடும்போது ஒலியைக் குறைத்தாரா என்று பாருங்கள். படிப்பு எப்போது முடிகிறது, அதன் பிறகு எங்கே போவதாக எண்ணம் என்று அன்றே கேட்டுவிடுங்கள். போகிறவரைச் சேர்க்கக்கூடாது என்பதில்லை, எப்போது போவார் என்பது தெரிந்தால் போதும்.

இரண்டாம் படி: ஒரு பக்க ஒப்பந்தம்

நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்று தோன்றும். சண்டை வருவது பணம் வந்த பிறகு, அப்போது எழுத உட்கார முடியாது. பாட்டின் உரிமை எப்படிப் பிரியும், குழுவின் பெயர் யாருக்கு, பொதுக்காசில் வாங்கிய கருவியை விலகுபவர் என்ன செய்வது, கச்சேரிப் பணம் எப்படிப் பங்காகும் என்ற நான்குக்கும் விடை இருந்தால் போதும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கு ஓர் உரிமை, இசைக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. ஒவ்வொரு பாட்டும் முடிந்த அன்றே வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, எத்தனை சதவீதம் என்று எழுதி நால்வரும் கையெழுத்திட வேண்டும். பின்னால் அந்தப் பாட்டைப் படத்துக்குக் கேட்டு வந்தால் 2012 திருத்தத்தையும் நினைவில் வையுங்கள்: திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள சம பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது.

பெயரைப் பதிவு செய்ய நினைத்தால் வணிகக்குறியில் 41-ஆம் வகுப்பு. தனிநபர் இணையவழி விண்ணப்பத்துக்குக் கட்டணம் 4,500 ரூபாய். முதல் கச்சேரிக்கு முன் இதற்கு அவசரமில்லை.

மூன்றாம் படி: பயிற்சிக்கு இடம்

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு என்றதும் எல்லோருக்கும் ஆசை வந்துவிடும். முதலில் அனுமதி. செட்டிநாட்டு வீடுகள் பலவற்றுக்குப் பங்குதாரர்கள் பத்துப் பேர் இருப்பார்கள், ஆளுக்கு ஓர் ஊர். சாவி வைத்திருப்பவர் சரி என்றால் ஆயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளூரில் இருக்கும் பங்காளி ஒருவரிடமாவது எழுத்தில் வாங்குங்கள். மின்கட்டணத்தை நீங்கள் கட்டுவதாகவும், மாதம் ஒருமுறை வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்வதாகவும் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும்.

அடுத்தது, வீட்டுக்குள் எந்த இடம். வளவில் (தூண்கள் சூழ்ந்த நடுமுற்றத்தில்) உட்காரத் தோன்றும், உட்காராதீர்கள். வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரை, கல் தூண் எல்லாம் ஒலியைத் திருப்பி அடிப்பவை. ஸ்நேரை (டிரம்ஸ் செட்டில் 'சளார்' என்று அறையும் சின்ன டிரம்மை) ஒருமுறை தட்டினால் அது அடங்குமுன் அடுத்த தட்டு வந்துவிடும். யார் தாளம் தவறினார் என்றே தெரியாது. எதிரொலியை மீறக் கிதார்க்காரர் ஒலியை ஏற்றுவார், அவரை மீறப் பாடகர் கத்துவார், ஒரு மணி நேரத்தில் தொண்டை போய்விடும். இரண்டாங்கட்டில் (வளவுக்கு அடுத்த பின்பகுதியில்) சாமான் வைத்திருந்த அறை ஒன்றைக் கேளுங்கள். பன்னிரண்டுக்குப் பதினாறு அடி இருந்தால் நால்வருக்குச் சரி. தடித்த சுவரும் தேக்குக் கதவும் வெளியே போகும் ஒலியைக் கணிசமாகத் தடுக்கும்.

அறை நடுவில் நின்று கை தட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று நடுங்கினால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றையாவது மூட வேண்டும். பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் நான்கை நிறுத்திவைத்தால் பாதி வேலை முடிந்தது. காசு இருந்தால் 100 மில்லிமீட்டர் தடிமனும் கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியும் உள்ள ராக்வூல் (பாறைப்பஞ்சு) பலகையைத் துணியால் மூடி, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை, அது எடையற்ற காகிதம். கீழ்ஸ்தாயி ஒலி மூலைகளில் தேங்கும் என்பதால் பேஸ் ஆம்பை (கருவியின் ஒலிபெருக்கிப் பெட்டியை) மூலையில் வைக்காமல் சுவரிலிருந்து இரண்டடி முன்னால், ஒரு மர ஸ்டூலில் ஏற்றுங்கள்.

மெத்தையும் ராக்வூலும் உள்ளே கேட்கும் ஒலியைத்தான் சீராக்கும், வெளியே கசிவதை நிறுத்தாது. காற்று போகும் இடமெல்லாம் ஒலியும் போகும். கதவின் கீழ் இடைவெளி, சாளரப் பலகைகளின் சந்து, காற்றுப்போக்கித் துளை ஆகியவற்றை அடைத்தாலே தெருவில் பெரிய வித்தியாசம் தெரியும். அடைத்த அறை கொதிக்கும். முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து பத்து நிமிடம் நிறுத்துங்கள்.

தரையைக் காப்பாற்றுவது தனி வேலை. கிக் டிரம்மின் முன்முள் வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில் நிற்காது, வாசிக்க வாசிக்க முன்னால் ஊர்ந்து போகும், கல்லிலும் கோடு போடும். ரப்பர் பாய் நாள்பட்டால் கறை ஒட்டும். அடியில் பழைய பருத்திப் போர்வை, மேலே இரட்டையாக மடித்த ஜமக்காளம், ஆறுக்கு ஆறடி. டிரம்ஸ்காரரின் ஸ்டூலும் அதே ஜமக்காளத்தின் மேல் இருக்க வேண்டும். அவர் எடையே அதை நகரவிடாது.

பக்கத்து வீட்டு ஆச்சியிடம் முதல் நாளே போய், என்னென்ன கிழமை, எத்தனை மணி வரை என்று சொல்லிவிடுங்கள். குடியிருப்புப் பகுதிக்கு விதிப்படி பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. ஆச்சி தூங்கப் போகும் நேரம் அதற்கும் முன்னால்தான் இருக்கும், அதையே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மின்சாரம்

இதை அலட்சியப்படுத்தினால் உயிர் போகும். பழைய வீடுகளில் மரச்சட்டத்துக்குள் ஓடும் இரட்டை வயர்தான் இருக்கும், எர்த் இருக்காது. கிதார்க் கம்பியில் கை, மைக்கில் உதடு. இரண்டு கருவியும் வெவ்வேறு பிளக்கிலிருந்து வந்து, ஒன்றில் கசிவு இருந்தால் மின்சாரம் உதடு வழியாகப் பாயும்.

எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் இல்லையென்றால் புதிதாகக் குழி எடுக்காமல் தொடங்க வேண்டாம். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகும், எனவே வாரம் ஒருமுறை குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பயிற்சி அறைக்கென்று 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் போடச் சொல்லுங்கள்.

பிறகு எல்லா ஆம்பும் மிக்ஸரும் ஒரே 16 ஆம்பியர் பிளக்கிலிருந்து, ஒரே ஜங்ஷன் பாக்ஸ் வழியாக. இரண்டு கிதார் ஆம்ப், ஒரு பேஸ் ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கிலோவாட்டைச் சுற்றித்தான் இழுக்கும். 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் ஏதாவது கருவி வேறு பிளக்கில் செருகியிருந்து எர்த் வட்டம் உருவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இரைச்சல் போகிறதென்று பிளக்கின் எர்த் முள்ளை ஒடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒடித்த பிளக்கைக் கண்டால் அன்றே மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: என்ன வாங்குவது

பொதுக்காசு முதலில் பாடகரின் ஒலிக்குப் போக வேண்டும்: ஆம்ப் உள்ளேயே இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஆறு சேனல் மிக்ஸர், டைனமிக் மைக் இரண்டு. கிதார், பெடல் அவரவர் சொந்தம். டிரம்ஸ் செட்டைப் பழையதாக வாங்கலாம், ஆனால் சிம்பலையும் (உலோகத் தட்டு) கிக் பெடலையும் மட்டும் நல்லதாக வாங்குங்கள். டிரம்மின் ஒலியைத் தோல் மாற்றிச் சுருதி கூட்டித் திருத்திவிடலாம், மட்டமான சிம்பலை எதுவும் திருத்தாது. உபரியாக எப்போதும் இருக்க வேண்டியவை: கிதார்க் கம்பி இரண்டு செட், கேபிள் மூன்று, ஃபியூஸ், ஒன்பது வோல்ட் பேட்டரி, டிரம் சாவி, இன்சுலேஷன் டேப்.

கிதாரை மே மாத வெயிலில் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பசை இளகி பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) தூக்கிவிடும்.

காதடைப்பான் ஆளுக்கு ஒன்று. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான் தாங்கும். சின்ன அறையில் டிரம்ஸ் அந்த அளவை எளிதில் தொடும்.

ஆறாம் படி: பயிற்சி

வாரம் இரண்டு முறை, இரண்டரை மணி நேரம். ஒலி அளவை டிரம்ஸிலிருந்து தொடங்குங்கள்: டிரம்ஸ் இயல்பாக வாசிக்கட்டும், அதற்கு மேல் பாடகரின் குரல் தெளிவாகக் கேட்கும்வரை ஏற்றுங்கள், விசில் வரும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். கிதாரும் பேஸும் அந்தக் குரலுக்குக் கீழேதான். கிதார்க்காரர் தன் ஒலி கேட்கவில்லை என்பார். அவருடைய ஆம்பை முழங்காலை நோக்கி வைத்திருப்பார், சாய்த்துக் காதை நோக்கித் திருப்பினால் குறையே இருக்காது.

முதல் மூன்று மாதத்தில் அடுத்தவர் பாட்டு ஐந்து, சொந்தப் பாட்டு மூன்று. ஆறாம் மாதம் முடியும்போது சொந்தப் பாட்டு எட்டு. ஒவ்வொரு பயிற்சியையும் செல்போனில் பதிந்து மறுநாள் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள்: வேகம், சுருதி, கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), எத்தனை சுற்று, எங்கே நிறுத்தம். சுருதியை இரண்டு விதமாகவும் எழுதுங்கள். இன்னிசைக் குழுவிலிருந்து வருபவர் கட்டைக் கணக்கில் பேசுவார்: ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப்.

ஏழாம் படி: தமிழில் ராக் எழுதுவது

இங்கேதான் புதுக் குழுக்கள் அதிகம் சறுக்குகின்றன. ஆங்கிலப் பாட்டு கேட்டுக் கேட்டு மெட்டைப் போட்டுவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லைத் திணிப்பார்கள். ஆங்கிலத்தில் சொல்லின் அழுத்தம் தாளத்தில் விழுந்தால் போதும். தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றும். குறிலை நீட்டினால் 'கல்' 'கால்' ஆகும், 'படம்' 'பாடம்' ஆகும், 'வனம்' 'வானம்' ஆகும். கேட்பவருக்கு வரி புரியாது, பாடகரின் உச்சரிப்பு சரியில்லை என்று பழி வரும்.

நீளும் சுரத்தில் நெடிலை வையுங்கள். நெடில் கிடைக்காவிட்டால் ம், ன், ண், ல் போன்ற மெய்யில் முடியும் அசையை வைத்து மெய்யை நீட்டுங்கள். 'மண்' என்ற சொல்லில் 'ம'வை இழுக்காமல் 'ண்'ணை இழுத்தால் பொருள் கெடாது. க், ட், ப் நீளாது. ஆனால் அவை வேறொரு வேலைக்கு அருமையானவை. 'கட்டு', 'பற்று', 'தப்பு' போன்ற சொற்களில் இரட்டிக்கும் வல்லினத்துக்கு நடுவே ஒரு நொடி மௌனம் இருக்கிறது. ராக் தாளத்தில் ஸ்நேர் விழுவது இரண்டாம், நான்காம் தட்டில். இரண்டாவது அசையை அங்கே வைத்தால் அந்த மௌனமும் அறையும் சேர்ந்து வரி தானாகத் துள்ளும்.

தமிழ் வாக்கியம் வினையில் முடிவதால் நான்கு வரியும் 'கிறேன், கிறேன்' என்று முடியும் ஆபத்து உண்டு. பெயர்ச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளுங்கள், எதுகைக்கும் வழி பிறக்கும். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதி மூச்சுத் திணறுவதைவிட வீட்டில் பேசுகிறபடி 'வந்துட்ருக்கேன்' என்றால் இடம் மிஞ்சும்.

ஊர் மண்ணின் கவிஞர் வரியை எடுத்துப் பாடலாமே என்று யாராவது சொல்வார். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் மறைந்தது 1981-இல். ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு என்ற கணக்கில் அவர் எழுத்துக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு, அனுமதியில்லாமல் தொடக்கூடாது. பாரதி பாடல்கள் எல்லோருக்கும் பொது. நகரத்தார் வீட்டுத் தாலாட்டும் ஒப்பாரியும் பொதுச்சொத்துதான், ஆனால் யாரோ பதிந்த ஒலிப்பதிவை வெட்டி ஒட்டினால் அது அவருடையது. பாட்டு தெரிந்த ஆச்சியிடம் நேரில் கேட்டு, சம்மதத்தோடு நீங்களே பதிந்துகொள்ளுங்கள்.

எட்டாம் படி: பதிவு

பயிற்சிக்கு வேண்டாம் என்ற வளவு இப்போது கைகொடுக்கும். கிட்ட வைத்த மைக்கில் பதிந்த டிரம்ஸ் ஒலிக்குப் பின்னால் இயற்கையான எதிரொலியைக் கொஞ்சம் கலந்தால், சென்னை ஸ்டூடியோவில் காசு கொடுத்தாலும் கிடைக்காத அகலம் வரும். எட்டு உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸை (மைக் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டியை) இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். டிரம்ஸை முகப்புக்கும் வளவுக்கும் இடையே ஜமக்காளத்தில் வையுங்கள். கிக்கில் ஒரு மைக், ஸ்நேரில் ஒன்று, தலைக்கு மேல் இரண்டு, வளவின் எதிர்மூலையில் ஒன்று. மேலே உள்ள இரண்டுக்கும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரம் இருக்கிறதா என்று நூல் பிடித்து அளக்க வேண்டும். தூரம் மாறினால் ஒலி அலைகள் ஒன்றையொன்று தின்று ஸ்நேர் சோகையாகிவிடும். ஒலி ஒரு மீட்டருக்குச் சுமார் மூன்று மில்லிநொடி எடுக்கும். ஐந்து மீட்டர் தள்ளிய மைக்கில் பதினைந்து மில்லிநொடித் தாமதம் வரும், அந்தத் தாமதம்தான் இடத்தின் அளவைக் காதுக்குச் சொல்கிறது. அதைத் திருத்தாதீர்கள்.

கணினியில் பதிவு அமைப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். உச்சம் மைனஸ் ஆறு டெசிபலைத் தாண்டக்கூடாது. வரிசை: மெட்ரோநோமுடன் வழிகாட்டித் தடம், டிரம்ஸ், பேஸ், ரிதம், லீட், கடைசியில் குரல். குரலை வளவில் பதியாதீர்கள், மெத்தை அறைக்குப் போங்கள்.

நாள் பார்ப்பதும் முக்கியம். வளவுக்கு மேலே வானம் திறந்திருக்கிறது. மார்கழியில் விடியுமுன்பே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும், ஆடியில் அம்மன் கோயில்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் என்று வருகிறது என்பதை முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை பொதுவாக ஊர் அடங்கியிருக்கும். 1940-களில் ஏவிஎம் ஸ்டூடியோ நடத்திய காரைக்குடியில் இன்று பதிவுக்கு மின்சாரமும் அமைதியும்தான் கேள்வி.

பதிவு முடிந்ததும் ஒவ்வொரு கருவியின் தடத்தையும் தனித்தனி வேவ் கோப்பாக, எல்லாம் ஒரே நொடியில் தொடங்கும்படி எடுத்து, பாட்டுத் தாளையும் சேர்த்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வீடுகளில் வையுங்கள். பின்னால் ஆள் மாறும்போது உங்களைக் காப்பாற்றப்போவது இந்தக் கோப்புகள்.

ஒன்பதாம் படி: மேடை

திருவிழா மேடையில் தொடங்க வேண்டாம். அங்கே கூட்டம் சினிமாப் பாட்டுக்கு வந்திருக்கும், அதில் அவர்கள் மேல் தவறில்லை. கல்லூரிக் கலைவிழாக்கள்தான் சரியான இடம். நாற்பது நிமிடத்துக்குச் சொந்தப் பாட்டு ஏழு, தெரிந்த பாட்டு இரண்டு. கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கத்துப் பாரம்பரிய விடுதிகளில் வார இறுதிகளில் அகூஸ்டிக் கிதார், கஹோன் (உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி), குரல் என்று மெல்லிய கச்சேரி கேட்டுப் பார்க்கலாம். அங்கே சாப்பாட்டு மேசையில் பேச்சு கேட்கும் அளவுக்குமேல் ஒலி போனால் அடுத்த முறை அழைக்க மாட்டார்கள்.

வெளிமேடை என்றால் ஒலிபெருக்கி அனுமதிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு. இரவு பத்து மணிக்கு நிறுத்தம், பத்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசிப் பாட்டைத் தொடங்காதீர்கள். மைக்செட்காரருக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளில் மேடைப் படம் கொடுங்கள்: யார் எங்கே, எத்தனை மைக், எத்தனை பிளக், யாருக்கு மானிட்டரில் (வாசிப்பவரை நோக்கிய ஸ்பீக்கரில்) என்ன கேட்க வேண்டும். ராக் குழுவை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார். கிக் டிரம்முக்கு மைக் வேண்டும் என்று நேரில் சொன்னால் சிரிப்பார், தாளில் இருந்தால் கொண்டுவருவார். ஜெனரேட்டர் என்றால் ஆம்பைச் செருகுமுன் மீட்டரில் 220 முதல் 240 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

மதுரையும் திருச்சியும் தலா 90 கிலோமீட்டர் சுமார். முழுச் செட்டும் ஒரு குட்டியானையில் அடங்கும். கனமான ஸ்பீக்கர் கேபினுக்குப் பின்னால், டிரம்ஸ் நடுவில், கிதார் ஆட்களோடு. சென்னைக்குப் பல்லவன் ரயிலில் போவதானால் ஸ்நேர், சிம்பல், கிக் பெடல் மட்டும் எடுத்துப் போய், மற்றதை அரங்கில் கேட்டு வாங்குங்கள்.

பத்தாம் படி: வெளியீடு

முதலிலேயே பத்துப் பாட்டு ஆல்பம் வேண்டாம். ஆறு வாரத்துக்கு ஒன்றாக மூன்று தனிப்பாட்டு. இணைய விநியோகஸ்தரிடம் நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்கு அனுப்ப வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகப் பாட்டு அங்கே இருக்க வேண்டும். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்சல். குழுவின் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரே முறை முடிவு செய்யுங்கள். ஒரு பாட்டில் ஒரு 'ஏ', அடுத்ததில் இரண்டு 'ஏ' என்றால் இரண்டு குழுவாகப் பிரிந்து கேட்பவர் எண்ணிக்கையும் பிரியும். எழுதியவரும் இசையமைத்தவரும் ஐபிஆர்எஸ் (பாட்டுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கம்) உறுப்பினராகிப் பாட்டைப் பதியாவிட்டால் பொது இடங்களில் ஒலிப்பதற்கான பங்கு வந்து சேராது.

இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும்

இரண்டாம் ஆண்டு மே மாதத்தில் ஒருவர் கிளம்புவார். அவர் கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போதே மாற்று ஆளைப் பயிற்சிக்கு உட்கார வையுங்கள். டிரம்ஸ்காரர் போகிறார் என்றால் புதியவருக்கு டிரம்ஸ் நீக்கிய கலவை, டிரம்ஸ் மட்டும் உள்ள தடம், பாட்டுத் தாள் மூன்றும் கொடுங்கள். வாரம் மூன்று பாட்டு வீதம் ஒரு மாதத்தில் முழுக் கச்சேரியும் அவர் கைக்கு வந்துவிடும். பழையவர் வாசித்ததை அச்சாக வாசிக்க வற்புறுத்தாதீர்கள். நிறுத்தங்களும் வேகமும் மாறாமல் இருந்தால் போதும்.

வெளியூர் போனவரைக் குழுவிலிருந்து எடுத்துவிடவும் வேண்டாம். அதே வேகத்து மெட்ரோநோம் தடத்தையும் 48 கிலோஹெர்ட்ஸ் அமைப்பையும் வைத்து அவர் சிங்கப்பூரிலிருந்தே கிதார் பதிந்து அனுப்பலாம். அமைப்பு 44.1-இல் இருந்தால் கோப்பு வேகமும் சுருதியும் மாறி ஒலிக்க வாய்ப்புண்டு, வந்ததும் முதலில் அதைப் பாருங்கள்.

எல்லோரும் ஊரில் சேர்வது பொங்கலுக்கு. அப்போது பங்காளிகளும் வந்துவிடுவார்கள், பூட்டிக் கிடந்த வீடு நிறைந்திருக்கும், படைப்பு (முன்னோர் வழிபாடு) இருக்கும், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கு ஆளுக்கொரு பக்கம் கிளம்புவார்கள். பயிற்சி அறை கிடைக்காது. அந்த வாரத்துக்கு ஒரு சின்ன மண்டபத்தையோ விடுமுறையில் காலியாக இருக்கும் டியூஷன் சென்டர் மாடியையோ முன்னதாகவே பேசிவைக்க வேண்டும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, பொங்கல் டிக்கெட் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஆகவே நாள் குறிப்பதும் இடம் பேசுவதும் அக்டோபர் கடைசிக்குள் முடிந்திருக்க வேண்டும்.